மலாய் வீட்டு முற்றம் நம்ம மலைக்கு ஒத்துவருமா?

இலங்கை மலைநாட்டில் வீடு கட்டுவது பற்றி வந்த கடிதங்களில் இந்த முறை முற்றம் பற்றிய கேள்விகள்தான் அதிகம். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மகள் மலேசியாவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது மலாக்காவில் மரத்தால் கட்டிய ஒரு பழைய மலாய் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே மின்விசிறி இல்லாமலே இதமாக இருந்தது. பெரிய வீட்டுக்கும் குசினிக்கும் நடுவில் வானம் தெரிகிற ஒரு முற்றம். அந்த முற்றத்தால்தான் வீடு குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கிருந்தவர் சொன்னார். உண்மையா? நாங்கள் பதுளையில் வீடு கட்டப் போகிறோம், அதேபோல ஒன்று வைக்கலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, பதுளை)

பதில்: பாதி உண்மை, டீச்சர். முற்றம் மட்டும் தனியாக நின்று அந்தக் குளிர்ச்சியைக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் தரையிலிருந்து முகடு வரைக்கும் எல்லாமே காற்றுக்காகக் கட்டியது, முற்றம் அதில் ஒரு பங்கு.

அந்த ஊர்க் காலநிலையை முதலில் நினைத்துப் பாருங்கள். தாழ்நிலத்தில் பகலில் 31, 32 பாகை செல்சியஸ், இரவில் 23, 24. காற்றில் ஈரப்பதன் பெரும்பாலான நேரம் 80 வீதத்துக்கு மேலே. அந்த ஈரத்தில் வியர்வை லேசில் காயாது, அதனால் வெப்பமானியில் காட்டுவதைவிட உடம்புக்கு அதிகமாகப் புழுங்கும். மனிதருக்கு அங்கே வேண்டியது தலைக்கு மேல் நல்ல நிழலும் தோலில் படுகிற காற்றும்தான். இந்த இரண்டையும் கொடுப்பதற்காகத்தான் வீட்டை மரக்கால்களின் மேல் தூக்கி வைத்தார்கள். செடி கொடி மறைக்கிற தரைமட்டத்தைவிட அந்த உயரத்தில் காற்று நன்றாக வீசும், வீட்டுக்கு அடியில் நிழலில் கிடக்கிற மண்ணும் குளிர்ந்தே இருக்கும். தரைப்பலகைகளுக்கு இடையில் இடுக்கு விட்டார்கள். ஜன்னல்களைத் தரைவரைக்கும் இறக்கினார்கள், ஏனென்றால் அவர்கள் பாயில் உட்காருகிறவர்கள், காற்று உட்கார்ந்திருக்கிற ஆளின் மேல் படவேண்டும். உள்ளே தடுப்புச் சுவர் அதிகம் கிடையாது. கூரை நீப்பா என்கிற பனைவகையின் ஓலை. வெயிலை உள்ளே விடாது, தானும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. முகட்டின் இரண்டு முனையிலும் முக்கோணமாக ஒரு பலகை, அதில் துளைகள், மேலே சேருகிற சூடான காற்று அந்த வழியாக வெளியேறிவிடும்.

இப்போது முற்றத்துக்கு வருவோம். முன்னால் திண்ணை போல செராம்பி, நடுவில் ரூமா இபு என்கிற தாய்வீடு, பின்னால் குசினி. தாய்வீட்டையும் குசினியையும் சேர்க்கிற கூரையிட்ட நடைபாதைக்கு செலாங் என்று பேர். பல மலாய் வீடுகளில் இந்த நடைபாதையும் அதன் ஓரத்து வெளியும் மட்டும்தான் இருக்கும். நீங்கள் பார்த்ததுபோல நடுவில் ஒழுங்கான முற்றம் வைத்த வீடு மலாக்காப் பக்கத்துக்கு உரியது, அதில் சீனர் வீட்டுச் செல்வாக்கு உண்டு என்று சொல்வார்கள். மலாக்கா நகரத்துக்குள் தெருவோரம் நெருக்கமாக நிற்கிற நீள வீடுகளிலும் நடுவில் வானம் தெரியும், ஆனால் அவை வேறு வகை, பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியவை, அந்தக் குழியில் காற்று மேலே மட்டும்தான் போகமுடியும். மலாய் மரவீட்டு முற்றம் பக்கவாட்டிலும் காற்றுக்குத் திறந்திருக்கும்.

இந்த இடைவெளி செய்கிற வேலை என்ன? ஆழமான ஒரு பெரிய வீட்டை ஒரே கட்டாகக் கட்டினால் நடுவில் இருக்கிற அறைக்குக் காற்றும் போகாது, வெளிச்சமும் போகாது, பகலிலேயே லைட் போடவேண்டும். இரண்டாகப் பிரித்து நடுவில் வெளி விட்டால் இரண்டு கட்டுக்கும் நான்கு பக்கமும் ஜன்னல் வைக்கலாம், முன்னால் நுழைகிற காற்று பின்னால் வெளியேற வழி இருக்கும். காற்று அசையாத மத்தியானங்களில் முற்றத்தின் மேல்பகுதியில் வெயில் பட்டுச் சூடாகிற காற்று எழும்பிப் போகும், அந்த இடத்துக்கு வீட்டுக்கு அடியிலிருந்தும் நிழல் பக்கத்திலிருந்தும் குளிர்ந்த காற்று வரும். இரவில் வானத்துக்குத் திறந்திருக்கிற தரை தன் சூட்டை வேகமாக வெளிவிட்டுவிடும், காலையில் அந்த இடம் குளிர்ந்து கிடக்கும். செடி இருந்தால் அதன் இலைகள் நீராவியை விடும்போது இன்னும் கொஞ்சம் சூடு குறையும். ஈரமான ஊரில் இந்தக் கடைசிப் பயன் சிறியது, அதை யாராவது பெரிதாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெரிய பயன் காற்றோட்டமும் நிழலும் வெளிச்சமும், குசினியின் சூடும் புகையும் தாய்வீட்டுக்குள் வராததும்.

உங்கள் வீட்டுக்கு நான் தாராளமாக வையுங்கள் என்றே சொல்வேன். பதுளை ஏறக்குறைய 680 மீற்றர் உயரம், பகலில் நல்ல வெயில், இரவில் கம்பளி கேட்கிற குளிர் கிடையாது. முற்றத்துக்குப் பொருத்தமான ஊர். 10 அடிக்கு 12 அடி இருந்தால் நல்லது. நம்முடைய நாட்டில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அப்போது நடுப்பகலில் 10 அடிச் சுவரின் நிழல் சுமார் 6 அடி விழும். ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், அப்போது நிழல் 3 அடிதான். ஆகவே 10 அடி அகலம் விட்டால் வருடம் முழுக்க நடுப்பகல் வெயில் தரையில் கொஞ்சமாவது படும், பாசி பிடிக்காது. 5, 6 அடியில் ஒரு குழி மாதிரி விட்டால் அது வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும். நான்கு பக்கமும் மூடிவிடாமல் ஒரு பக்கத்தைத் துளைக்கல் சுவராக விடுங்கள். ஊவாவில் ஆனி, ஆடியில் மலை தாண்டி இறங்குகிற காய்ந்த கச்சான் காற்று எந்தப் பக்கத்திலிருந்து உங்கள் காணிக்குள் அடிக்கிறது என்று அயலவர்களிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் மட்டும் முழுச் சுவர் வையுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இதுவும் ஒன்றுதானே?
(வாசகர், மாத்தளை)

பதில்: முற்றம் இருப்பது மட்டும்தான் ஒற்றுமை. நாற்சார் வீடு தரையோடு ஒட்டிய தடித்த சுவர் வீடு, நான்கு பக்கமும் கட்டு, முற்றம் உள்ளுக்குள் அடங்கியிருக்கும். அந்தச் சுவர் பகல் வெயிலை மெதுவாக வாங்கிப் பொழுதுபட்டபிறகு வெளிவிடும், உலர்ந்த வெயில் ஊருக்கு அது சரி. மலாய் வீட்டில் சுவர் மெல்லிய பலகை, சூட்டைத் தேக்கவே தேக்காது. கண்டிப் பக்கத்தில் வளவு என்று சொல்கிற பழைய பிரபு வீடுகளிலும் நடுமுற்றம் உண்டு, அவை நாற்சார் வீட்டுக்குத்தான் நெருக்கம். மாத்தளை, கண்டி உயரத்தில் இரண்டு வகையும் பொருந்தும். என் விருப்பம் ஒரு பக்கமாவது திறந்த முற்றம், நம்ம பக்கத்து ஈரத்துக்கு அதுதான் சுகம்.

கேள்வி: நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். இப்போது 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. உள்ளே இருக்கிற குசினியில் விறகு எரித்தால் வீடு முழுக்கப் புகை, அதனால் பின்சுவரோடு சேர்த்து தகரம் போட்டு ஒரு குசினி இறக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள். செய்யலாமா?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: சகோதரி, வேண்டாம். வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பின்சுவரோடு ஒட்டி இறக்கினால் பின் ஜன்னல் அந்தத் தகரத்துக்குள் போய்விடும். முன்னால் வருகிற காற்றுக்கு வெளியேற வழி இல்லை, அடுப்புப் புகை அந்த ஜன்னல் வழியாகவே படுக்கிற அறைக்கு வரும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் நம் தாய்மார் பட்டது இதுதான். பின்பக்கம் அடுத்த காம்பிராவின் (லய அறையின்) சுவர், ஜன்னல் வைக்க இடமே இல்லை, முன்திண்ணையான இஸ்தோப்பில் அடுப்பை வைத்துவிட்டு மழைக்குக் கதவையும் சாத்தினால் புகை எங்கே போகும்? காலை 5 மணிக்கு அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, பிறகு மலைக்குப் போய், மாலையில் திரும்பி மறுபடி அதே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அந்தப் புகை எப்படித் தின்றது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விறகுப் புகையில் கரியும் நுண்துகளும் கார்பன் மொனொக்சைட்டும் இருக்கின்றன. நாட்பட்ட நெஞ்சு நோய்க்கும் குழந்தைகளின் நிமோனியாவுக்கும் அது ஒரு காரணம் என்பதில் மருத்துவர்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது. தனி வீடு வாங்கிய பிறகும் அதே புகையை நாமே கட்டி உள்ளே வைத்துக்கொள்வதா?

மலாய் வீட்டிலிருந்து மலைநாடு எடுத்துக்கொள்ளவேண்டிய ஒன்றே ஒன்று எது என்று யாராவது கேட்டால், குசினியைத் தள்ளி வைத்த அந்த இடைவெளிதான் என்று சொல்வேன். தாய்வீடு ஓரிடம், அடுப்பு ஓரிடம், நடுவில் வானம். புகை மேலே போகிறது, சூடு தாய்வீட்டுக்கு வரவில்லை, ஓலைக் கூரைக் காலத்தில் குசினியில் தீ பிடித்தால் வீடு முழுவதும் போய்விடாமல் இருக்கவும் அது உதவியது. அந்த செலாங் நடைபாதை பெண்களின் இடமாகவும் இருந்தது, பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்வாசலால் வராமல் அந்த வழியாக வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

உங்களிடம் இடம் இருக்கிறது. 7 பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. தோட்ட மக்களுக்கான இந்த வீடமைப்புத் திட்ட வீடுகள் பெரும்பாலும் 550 சதுர அடி. மீதி 1,350 சதுர அடியில் குசினிக்கு 100 சதுர அடி தாராளம். வீட்டின் பின்சுவரிலிருந்து 7, 8 அடி தள்ளிக் குசினியைப் போடுங்கள். நடுவில் ஒரு ஓரமாக மட்டும் 3 அடி அகலத்துக்குத் தகரம் போட்டு நடைபாதை விடுங்கள், மழையில் நனையாமல் சோற்றுப் பானையைக் கொண்டுவரலாம். அந்தத் தகரத்துக்கு அடியிலேயே விறகை அடுக்கினால் காய்ந்துகொண்டே இருக்கும், காய்ந்த விறகு புகையும் குறைவாகத்தான் விடும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் துணி காயாமல் நாறுகிற கஷ்டத்துக்கும் அந்த நடைபாதையில் ஒரு கொடி கட்டினால் போதும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். உங்கள் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிக்கும். குசினி அந்தப் பக்கத்தில் இருந்தால் புகை முழுவதும் திரும்பி வீட்டுக்குள்தான் வரும், முடிந்தால் கிழக்குப் பக்கமோ வடகிழக்குப் பக்கமோ வையுங்கள். அடுத்தது, காணி சரிவாக இருந்தால் குசினியை மேடாக்கி வீட்டு மட்டத்துக்குக் கொண்டுவர மண் நிரப்பாதீர்கள், இரண்டு படி கீழேயே இருக்கட்டும். மலாய் வீடுகளிலும் குசினித் தளம் தாய்வீட்டைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். நமக்கு மலையை வெட்டுகிற வேலையும் குறையும். புகைபோக்கி ஒன்றும் வைத்துவிடுங்கள், இடைவெளி இருக்கிறதே என்று அதை விட்டுவிடவேண்டாம், அடுப்புக்கு முன்னால் உட்காருகிறவர் நீங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மழைக்கு முற்றம் வைத்தால் வீட்டுக்குள் ஆறு ஓடாதா? அந்த நீரை முற்றத்திலேயே ஒரு குழி வெட்டி இறக்கினால் நிலத்தடி நீர் ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
(வாசகர், வட்டவளை)

பதில்: வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், நாட்டிலேயே அதிகமாக மழை வாங்குகிற இடங்களில் ஒன்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 10 அடிக்கு 10 அடி முற்றத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டினால் 930 லீற்றர். அது பரவாயில்லை. சுற்றியிருக்கிற கூரைகளையும் உள்நோக்கிச் சரித்து, அதில் 600 சதுர அடி முற்றத்துக்குள் வடிந்தால் இன்னும் 5,500 லீற்றருக்கு மேல் சேரும். ஆயிரம் லீற்றர் தாங்கி ஆறரை, ஒரே நாளில் உங்கள் வீட்டின் நடுவில். ஆகவே முற்றம் வையுங்கள், கூரையை வெளிப்பக்கம் சரியுங்கள். மலாய் வீட்டில் தாய்வீட்டுக்கு ஒரு கூரை, குசினிக்கு ஒரு கூரை, நான்கு பக்கத்துத் தண்ணீரும் ஒரே இடத்தில் வந்து விழுவதில்லை. உள்பக்கம் சரிந்தே ஆகவேண்டிய கூரைக்குப் பெரிய பீலி போட்டுத் தாங்கிக்கு எடுத்துவிடுங்கள்.

குழி விஷயத்தில் தயவுசெய்து அந்த வீடியோவைக் கேட்காதீர்கள். சமதரை ஊர்களுக்கு அது அருமையான ஆலோசனை. மலாய்க் கிராமத்தில் சீமெந்து பூசாத மணல் முற்றம் மழையை அப்படியே குடித்துவிடும், வெள்ளமும் குறையும், கிணறும் ஊறும். நம்ம சரிவில் மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் வேறு வேலை செய்யும். மண் ஊறி எடை கூடும், பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் நீரழுத்தம் ஏறும், பிடி விட்டுப்போகும், அப்புறம் மலையே இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மேட்டில் இருக்கிற ஒருவர் தன் முற்றத்தில் வெட்டுகிற குழி, கீழே இருக்கிற குடும்பத்தின் தலைக்கு மேல் வெட்டுகிற குழி.

தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேயிலை மலையில் கான்கள் சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வில் போகும், மழைநீரை மண்ணைக் கரைக்க விடாமல் ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் முற்றத்துத் தண்ணீரையும் அப்படியே, சீமெந்து பூசிய கானில் எடுத்து இயற்கையான ஓடைக்கு விடுங்கள். முற்றத்துத் தரை வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கவேண்டும், வெளியேறும் வாய் இலை அடைத்தாலும் தண்ணீர் போகிற அளவு பெரிதாக இருக்கவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்கவேண்டும் என்பது விதி. அதைக் காகித வேலையாக நினைக்காமல், அவர்கள் வருகிறபோது இந்த நீர் எங்கே போகவேண்டும் என்று நேராகவே கேளுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் வீட்டுக்குள் முற்றம் வைத்தால் குளிரில் செத்துப்போவோம் என்கிறார் என் அப்பா. எனக்கோ ஆசையாக இருக்கிறது.
(கல்லூரி மாணவி, நுவரெலியா)

பதில்: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். மலாக்கா கடல் மட்டம், நுவரெலியா 1,868 மீற்றர், அப்படியென்றால் 12 பாகை வித்தியாசம். மலாய்க்காரர் ஓட்டிவிட நினைத்த சூட்டை உங்கள் வீடு பிடித்துவைக்க நினைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் போய்த் தங்கும். தை, மாசியில் புல்லில் உறைபனி விழுகிற காலையில் பாருங்கள், பள்ளமான இடங்கள்தான் வெள்ளையாக இருக்கும். திறந்த முற்றமும் ஒரு பள்ளம்தான்.

ஆனாலும் ஆசையை விடவேண்டாம், வடிவத்தை மாற்றுங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம் முற்றத்தை வைத்து மேலே கண்ணாடியோ ஒளி ஊடுருவும் சீட்டோ போட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் பல நாள் காலையில் வெயில் இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் வந்துவிடும், அதனால் காலை வெயிலைப் பிடிப்பதுதான் புத்தி. மரக்கறியும் பூவும் வளர்க்கிற பொலித்தீன் கூடாரத்துக்குள் போயிருப்பீர்கள், உள்ளே எவ்வளவு கதகதப்பு, அதே வேலைதான் இங்கேயும். தரைக்குக் கருங்கல்லோ செங்கல்லோ போட்டால் பகல் சூட்டை வாங்கி முன்னிரவு வரைக்கும் கொடுக்கும். கூரைக்குக் கீழே திறந்து மூடுகிற இரண்டு சிறிய ஜன்னல் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரமும் துணியின் ஈரமும் சுவரில் பூஞ்சணமாகும். இரவில் வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இருக்கிற கதவைச் சாத்திவிடவேண்டும். நெருப்பு மூட்டிக் குளிர்காய அந்த மூடிய இடத்தைப் பாவிக்கவே கூடாது, கரிச் சட்டி வைத்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: முற்றத்தில் என்ன நடலாம்? நுளம்பு வராதா?
(வாசகி, கம்பளை)

பதில்: சிறிய முற்றத்தில் பெரிய மரம் வேண்டாம், வேர் அத்திவாரத்துக்குப் போகும். மலாய்க் கிராமத்தில் ரம்புட்டானும் தென்னையும் வீட்டைச் சுற்றிய வெளி வளவில்தான் நிற்கும், காற்று தடைப்படாதபடி தள்ளித் தள்ளி. குசினியை ஒட்டிய இடத்தில் சமையலுக்கு வேண்டியது இருக்கும். நாம் கறிக்குப் போடுகிற ரம்பைதான் அவர்களுடைய பாண்டான், அதை நடுங்கள், நிழலிலும் ஈரத்திலும் நன்றாக வரும். கறிவேப்பிலை, எலுமிச்சம் புல், வல்லாரை, ஓரமாக ஒரு செவ்வரத்தை. தரை முழுவதையும் கொங்கிரீட் போட்டு மூடாதீர்கள். வெயிலில் அது சுடும், மழையில் வழுக்கும்.

டெங்கு நுளம்பின் முட்டை பறக்கிற நுளம்பாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். பூச்சட்டித் தட்டு, பீலி, தாங்கி மூடி, நாய்க்குத் தண்ணீர் வைக்கிற சட்டி, இவற்றை வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்துச் சுரண்டிக் கழுவினால் முற்றத்தால் நுளம்பு வராது. பழைய மலாய் வீடுகளில் படிக்குக் கீழே கால் கழுவ ஒரு தண்ணீர்ச் சாடி இருக்கும், பார்க்க அழகு, அப்படி வைக்க ஆசைப்பட்டால் இறுக்கமான மூடியோடு வையுங்கள்.

கேள்வி: வீட்டு வரைபடத்தில் நடுவில் 10 அடிக்கு 11 அடி முற்றம் விட்டிருந்தோம். மேசன் பாஸ் வந்து, இது வீண் இடம், மேலே கொங்கிரீட் சிலப் போட்டு மூடினால் ஒரு அறை கிடைக்கும், வாடகைக்குக் கூட விடலாம் என்கிறார். மனைவிக்கு முற்றம்தான் வேண்டும். என்ன செய்வது?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: மனைவி பக்கம் நில்லுங்கள்.

பாஸ் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சதுர அடிக் கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த 110 சதுர அடியை மூடினால் அதைச் சுற்றியிருக்கிற அறைகள் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள். சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் நடு அறைக்கும் வெளிச்சம் வருவது அந்த முற்றத்தால்தானே? அதை மூடிய நாளிலிருந்து பகலிலும் மூன்று லைட் எரியவேண்டும், மின்கட்டணத்தில் அது சின்ன விஷயமா? புதிதாகக் கிடைக்கிற அந்த அறைக்கும் வெளிச்சுவர் கிடையாது, ஜன்னல் இல்லாத ஒரு பெட்டி. அதற்குள் ஒரு மனிதரை வாடகைக்கு இருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலைநாட்டில் ஜன்னல் இல்லாத காம்பிராக்களில் நம்முடைய ஆட்கள் போதுமான அளவு வாழ்ந்துவிட்டார்கள்.

நம் நாட்டின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டின் நடுவில் பெரிய முற்றம் இருந்தது. காணி விலை ஏறிய நகரத்தில் அந்த இடத்தை யாரும் வீண் என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்த நிலம் கைமாறியபோது வீட்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போய் பெந்தோட்டைப் பக்கத்தில் பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி கட்டினார்கள். பாஸுக்கு இதைச் சொல்லுங்கள், நல்ல வேலைக்காரருக்கு நல்ல வீட்டைப் பற்றிக் கேட்கப் பிடிக்கும்.

பண்டாரவளை ஏறக்குறைய 1,230 மீற்றர், பதுளை அளவு சூடும் இல்லை, நுவரெலியா அளவு குளிரும் இல்லை. முழுக்கத் திறந்துவிட்டால் மார்கழி இரவுகளில் கொஞ்சம் குளிரும். அதனால் முற்றத்தைச் சுற்றி மடக்குக் கதவு வைத்துவிடுங்கள், பகலில் திறந்து இரவில் சாத்தலாம். அந்தக் கதவுக்குச் செலவு ஆகுமே என்று யோசிக்கவேண்டாம். பழைய கட்டடங்களை உடைக்கிற இடங்களில் நல்ல பலாக் கதவுகள் கிடைக்கும், புதிதாகச் செய்வதைவிட மலிவு, கறையான் அரித்திருக்கிறதா என்று மட்டும் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.